பிராட்லி விக்கின்ஸ்: டிராக்கிலிருந்து சாலைக்கு, சாலையிலிருந்து டிராக்குக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனின் சைக்கிள் பந்தய வீரர் பிராட்லி விக்கின்ஸ், 2000 சிட்னி தொடங்கி 2016 ரியோ வரை ஐந்து ஒலிம்பிக்கிலும் பதக்கத்தோடு திரும்பியவர். நடுவில் டூர் டி பிரான்ஸையும் வென்றார். வளைவுகள் சாய்வாக உயரும் ஓடுதளத்தில் நான்கு நிமிடத்தில் முடியும் டிராக் பந்தயமும், மூன்று வாரம் நீளும் சாலைப் பந்தயமும் ஒரே உடம்புக்கு எப்படி வசப்பட்டன என்பதைச் சுற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் வருகின்றன. அவற்றுக்கான பதில்கள் கீழே.

மொத்தம் எத்தனை ஒலிம்பிக் பதக்கம்?

எட்டு. ஐந்து தங்கம், ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம். 2000 சிட்னியில் டீம் பர்சூட் வெண்கலம் (பர்சூட், மேடிசன் என்றால் என்ன என்பது கீழே). 2004 ஏதென்ஸில் ஒரே ஒலிம்பிக்கில் மூன்று: தனிநபர் பர்சூட்டில் தங்கம், டீம் பர்சூட்டில் வெள்ளி, மேடிசனில் வெண்கலம். 2008 பெய்ஜிங்கில் இரண்டு பர்சூட்டிலும் தங்கம். 2012 லண்டனில் சாலை டைம் ட்ரையல் (ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுவது) தங்கம். 2016 ரியோவில் மறுபடி டீம் பர்சூட் தங்கம். ஆக ஏழு பதக்கம் டிராக்கில், ஒன்றே ஒன்றுதான் சாலையில். அவரைச் சாலை வீரராக மட்டும் அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

ரியோ முடிந்தபோது பிரிட்டனில் அதிக ஒலிம்பிக் பதக்கம் வைத்திருந்தவர் இவர்தான். டோக்கியோவில் ஜேசன் கென்னி ஒன்பதாவது பதக்கம் வாங்கி முந்தினார்.

எங்கே, எப்படித் தொடங்கினார்?

1980 ஏப்ரல் 28 அன்று பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பிறந்தார். அப்பா கேரி விக்கின்ஸ் ஆஸ்திரேலியர், ஐரோப்பாவின் உள்ளரங்கு ஆறு நாள் பந்தயங்களில் ஓட்டிப் பிழைத்தவர். அம்மா ஆங்கிலேயர். பெற்றோர் பிரிந்தபின் பையன் அம்மாவோடு லண்டனின் கில்பர்ன் பகுதியில் வளர்ந்தான். பன்னிரண்டு வயதில் ஹெர்ன் ஹில் வெலோட்ரோமில் முதல் பந்தயம். அது கூரையில்லாத பழைய டிராக், 1948 ஒலிம்பிக்கின் டிராக் சைக்கிள் போட்டிகள் நடந்த இடம்.

1998-ல் ஜூனியர் உலக பர்சூட் சாம்பியன் ஆனார். அதைவிட முக்கியம், அவர் சீனியர் ஆன காலம். மான்செஸ்டரில் 1994-ல் உள்ளரங்க வெலோட்ரோம் திறந்துவிட்டது. 1997 முதல் தேசிய லாட்டரிப் பணம் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்குப் போகத் தொடங்கியிருந்தது. மழைக்காலத்திலும் மரத்தளத்தில் பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகை, கூடவே பயிற்சியாளர். முந்தைய தலைமுறைக்கு இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைத்ததில்லை. பத்து வருடம் முன்னால் பிறந்திருந்தால் இவர் என்ன ஆகியிருப்பார் என்று கேட்டால், எங்கள் கணிப்பில் ஏதோ ஒரு ஐரோப்பிய அணியில் பெயர் தெரியாத கூலி வீரர்.

பர்சூட் என்றால் என்ன?

துரத்தல். இரண்டு பேர் (அல்லது இரண்டு அணிகள்) டிராக்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். ஆண்களுக்கு 4,000 மீட்டர். 250 மீட்டர் டிராக்கில் 16 சுற்று. யார் நேரம் குறைவோ அவர் வெற்றி. இறுதிப் போட்டியில் எதிராளியைப் பிடித்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

தனிநபர் பர்சூட்டில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. முன்னால் காற்றை உடைத்துத் தர ஆளில்லை. முதல் கிலோமீட்டரை உணர்ச்சிவசப்பட்டு ஒரு நொடி வேகமாக ஓட்டிவிட்டால், கடைசிக் கிலோமீட்டரில் அது இரண்டு மூன்று நொடியாகத் திரும்பி வரும். அதனால் நல்ல பர்சூட் வீரரின் சுற்று நேரங்களை எழுதிப் பார்த்தால், தொடக்கச் சுற்று தவிர மீதியெல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருக்கும். விக்கின்ஸின் பலம் இதுதான். 2004 இறுதியில் அவர் வென்றது ஆஸ்திரேலியாவின் பிராட்லி மெக்கீயை. இருவரும் அதற்குச் சற்று முன்புவரை ஒரே பிரெஞ்சுச் சாலை அணியில் இருந்தவர்கள்.

டிராக் சைக்கிளில் பிரேக் கிடையாது என்பது உண்மையா?

உண்மை. பிரேக்கும் இல்லை, ஃபிரீவீலும் இல்லை. நாம் ஓட்டும் சைக்கிளில் பெடலை நிறுத்தினால் பின்சக்கரம் டிக் டிக் என்று தன்பாட்டுக்கு ஓடும். டிராக் சைக்கிளில் பின் பல்சக்கரம் சக்கரத்தோடு இறுகியிருப்பதால், சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியே ஆக வேண்டும். வேகத்தைக் குறைக்க இரண்டு வழி: பெடலைக் காலால் எதிர்த்து அழுத்துவது, அல்லது சாய்வின் மேல்பக்கம் ஏறுவது. திடீரென்று நிறுத்த யாராலும் முடியாது. யாருக்குமே முடியாது என்பதுதான் பாதுகாப்பும்கூட. நெருக்கமாகப் போகும் கூட்டத்தில் ஒருவர் மட்டும் பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் அத்தனை பேரும் விழுவார்கள்.

கியரும் ஒன்றே ஒன்று. அதை ஓட்டத்துக்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். ஒரு பெடல் சுற்றுக்கு 7.5 மீட்டர் போகும் கியரில் மணிக்கு 62.5 கி.மீ. வேகம் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 139 முறை மிதிக்க வேண்டும். 8.5 மீட்டர் கியரில் 123 போதும். பெரிய கியர் ஓட்டத்தில் சுகம், கிளம்பும்போது தண்டனை. நின்ற நிலையிலிருந்து அதை அசைக்கவே முதுகும் தொடையும் கெஞ்சும். 2008-க்கும் 2016-க்கும் இடையில் எல்லா நாடுகளும் பெரிய கியர் பக்கம் நகர்ந்தன. அதனால் கிளப்பிவிடும் முதல் ஆளின் பொறுப்பும் கூடியது. பிரிட்டனில் அந்த வேலை எட் கிளான்சியுடையது.

டீம் பர்சூட்டில் நான்கு பேரும் சமமாக ஓட்ட வேண்டுமா?

வேண்டாம். நேரம் எடுக்கப்படுவது மூன்றாவது ஆளின் முன்சக்கரம் கோட்டைத் தாண்டும்போது. நான்காவது ஆள் வந்து சேரவே தேவையில்லை. விதி இப்படி இருப்பதால் கணக்குப் போட இடம் கிடைக்கிறது. ஒருவர் தன் முறையில் வழக்கத்தைவிட அதிகச் சுற்று முன்னால் நின்று, இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு விலகிக்கொள்ளலாம்.

முன்னால் போகிறவர் காற்றை நேராக வாங்குகிறார். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு அவர் செலவிடும் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போதும். எனவே மாறி மாறி முன்னால் வருகிறார்கள். மாறும் விதம் இப்படி: முன்னவர் வளைவுக்குள் நுழையும்போது சைக்கிளைச் சாய்வின் மேல்பக்கம் திருப்புகிறார். மேலே ஏறுவதால் வேகம் தானாகக் குறைகிறது. மற்ற மூவரும் கீழே கடந்து போகிறார்கள். வளைவு முடியும் இடத்தில் அவர் கீழே இறங்கி, மூன்றாமவரின் பின்சக்கரத்தோடு ஒட்டுகிறார். எல்லாம் இரண்டு மூன்று நொடி வேலை.

என்ன தவறு நடக்கும்? அரை நொடி தாமதமாக இறங்கினால் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் தனக்கும் இடையில் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விழுந்துவிடும். ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருப்பவர் அதை அடைக்க இன்னொரு முறை பாய வேண்டும். அந்தப் பாய்ச்சலுக்கான விலையை அடுத்த முறை முன்னால் வரும்போது கட்டுவார். முன்னுக்கு வருகிற ஆள் உற்சாகத்தில் வேகத்தை இழுத்துவிடுவது இன்னொரு தவறு. அவருக்குச் சுகமாக இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் மேலிருந்து இறங்குகிறவருக்கு ஒட்டிக்கொள்ள வால் கிடைக்காது. ‘மாறும்போது வேகத்தைத் தொடாதே’ என்பது பால பாடம்.

கழன்றுபோன ஆளும் ஆபத்து. டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரிட்டனின் சார்லி டான்ஃபீல்ட் தன் அணியை விட்டுப் பின்தங்கியிருந்தார். தலையைக் குனிந்தபடி வந்த டென்மார்க்கின் ஃபிரெடரிக் மேட்ஸன் நேராக அவர்மேல் மோதினார். காற்றை ஏமாற்றத் தலையைத் தாழ்த்தும் நிலையில் முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

டிராக்கின் கருப்புக் கோட்டை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

250 மீட்டர் என்பது அந்தக் கோட்டில் அளந்த தூரம். கோட்டுக்கு வெளியே போகப்போகச் சுற்று நீளும். எவ்வளவு? ஒரு முழுச் சுற்றில் இரண்டு வளைவும் சேர்ந்து ஒரு வட்டம். கோட்டைவிட்டு 10 சென்டிமீட்டர் தள்ளி ஓட்டினால் சுற்றுக்கு ஏறக்குறைய 63 சென்டிமீட்டர் அதிகம். பதினாறு சுற்றுக்கு 10 மீட்டர். மணிக்கு 62.5 கி.மீ. வேகத்தில் 10 மீட்டர் என்பது 0.58 நொடி.

2016 ரியோ இறுதியில் பிரிட்டன் ஆஸ்திரேலியாவை வென்ற வித்தியாசம் 0.743 நொடி. உள்ளங்கை அகலம் கோட்டைவிட்டு விலகுகிற பழக்கம் இருந்திருந்தால் தங்கம் ஊசலாடியிருக்கும். விக்கின்ஸ் கோட்டின்மேல் தைத்ததுபோல் ஓட்டுவார் என்று டிராக் ஆட்கள் சொல்வது வெறும் அழகுப் பாராட்டில்லை.

மேடிசன் எப்படிப்பட்ட போட்டி? அதில் ஏன் 2008-ல் பதக்கம் இல்லை?

இருவர் கொண்ட ஜோடிகள். ஒருவர் பந்தயத்தில் இருக்க, மற்றவர் சாய்வின் மேலே மெதுவாகச் சுற்றுவார். சந்திக்கும்போது கையைப் பிடித்து வீசி அடுத்தவரை உள்ளே தள்ளுவார்கள். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 50 கி.மீ.

பெய்ஜிங்கில் விக்கின்ஸும் மார்க் கேவன்டிஷும் சேர்ந்து ஓட்டினார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் மான்செஸ்டரில் உலகப் பட்டம் வென்ற ஜோடி. ஆனால் அதற்குள் விக்கின்ஸ் சில நாட்களில் இரண்டு பர்சூட்டையும் எல்லாச் சுற்றும் ஓட்டி இரண்டு தங்கம் எடுத்திருந்தார். கால் காலியாகிவிட்டது. கேவன்டிஷ் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். 2016 லண்டன் உலகப் போட்டியில் இதே ஜோடி மறுபடி மேடிசனில் வென்றது.

இரண்டு முறை பர்சூட் தங்கம் வென்றவர் ஏன் சாலைக்குப் போனார்?

முதலில் ஒரு திருத்தம்: அவர் எப்போதும் சாலையிலும் இருந்தவர்தான். 2002 முதல் பிரெஞ்சு அணிகளில் சம்பளத்துக்கு ஓட்டினார். ஆனால் அங்கே அவர் டைம் ட்ரையல்களில் மட்டும் பெயர் தெரிகிற ஆள். மலை வந்தால் கடைசிக் கூட்டத்தோடு ஊர்ந்து வருவார். 2007 டூரில் அணித்தோழர் கிறிஸ்டியன் மொரேனி ஊக்கமருந்தில் சிக்கியதால் கோஃபிடிஸ் அணி மொத்தமும் பாதியில் விலகியது. அதில் இவரும் இருந்தார்.

பெய்ஜிங்குக்குப் பிறகு ஒலிம்பிக் பட்டியலிலிருந்து தனிநபர் பர்சூட்டைத் தூக்கிவிட்டார்கள். மேடிசனும் போனது (அது டோக்கியோவில்தான் திரும்பியது). உலகத்தில் எவரையும்விட நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரு வேலை, ஒரு கூட்டத் தீர்மானத்தில் மறைந்துவிட்டது. 2012-ல் சொந்த ஊரில் ஒலிம்பிக். தனியாக ஒரு தங்கம் வேண்டுமென்றால் மிச்சமிருந்தது சாலை டைம் ட்ரையல் ஒன்றுதான். சாலைக்குத் திரும்பியதை ஆசை என்று எழுதுகிறவர்கள் இந்தப் பட்டியல் மாற்றத்தை விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு அதுதான் முதல் காரணமாகத் தெரிகிறது.

எடையை எவ்வளவு குறைத்தார்? அதனால் என்ன லாபம்?

உயரம் 1.90 மீட்டர். பெய்ஜிங்கில் எடை சுமார் 82 கிலோ, டூர் வென்றபோது சுமார் 70 கிலோ. ஏறத்தாழ 12 கிலோ வித்தியாசம்.

சமதளத்தில் எதிரி காற்று. எடை அங்கே அதிகம் பேசாது, 82 கிலோ தசை இருந்தால் கிளம்பும்போது நல்லதுகூட. மலையில் எதிரி புவியீர்ப்பு. 10 கி.மீ. நீளம், 8 சதவீத ஏற்றம் உள்ள மலைச்சாலை என்றால் 800 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அந்த 12 கிலோவை மேலே தூக்க மட்டும் 94 கிலோஜூல் ஆகும். அரை மணி நேரத்தில் ஏறினால் சராசரியாக 52 வாட். உலகத்தரத்தில் இருவர் இடையே 52 வாட் என்பது பேசவே முடியாத இடைவெளி. முன்கூட்டத்தோடு போவதா, கடைசி ஆளோடு வருவதா என்பதை அதுவே முடிவுசெய்யும்.

ஆனால் எடை இறங்கும்போது தசையும் சேர்ந்து இறங்கினால் டைம் ட்ரையல் கெடும். அதனால்தான் இதை ஒரு மாதத்தில் செய்ய முடியாது. கொழுப்பு முதலில், பிறகு மேல்உடம்பின் தேவையற்ற தசை, தொடையைக் கடைசிவரை தொடாமல் என்று பல மாதம் இழுத்துச் செய்கிற வேலை. பட்டினி கிடந்து இறக்கினால் நோய் எதிர்ப்பும் சேர்ந்து இறங்கும், முதல் மழையிலேயே சளி பிடித்துப் பந்தயம் போகும்.

2009-ல் இதன் பலன் தெரிந்தது. டூரில் நான்காவது இடம். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் முடிவுகள் பின்னர் ரத்தானதால் அது மூன்றாம் இடமாகப் பதிவானது.

அப்படியானால் 2010 டூரில் ஏன் சறுக்கினார்?

புதிதாகத் தொடங்கிய ஸ்கை அணி, பெரிய பணம், பெரிய எதிர்பார்ப்பு. தொடக்க நாள் ராட்டர்டாமில் மழை பிந்தி வரும் என்று கணித்து அவரை முன்னதாக அனுப்பினார்கள். அவர் ஓட்டியபோது சாலை ஈரம், மற்றவர்கள் ஓட்டியபோது காய்ந்துவிட்டது. அது ஆரம்பம்தான். பைரனீஸ், ஆல்ப்ஸ் மலைகளில் தாக்குப்பிடிக்கவில்லை, இருபதுக்கும் கீழான இடத்தில் முடித்தார்.

அதன்பின் நீச்சல் பயிற்சியிலிருந்து வந்த ஆஸ்திரேலியர் டிம் கெரிசன் திட்டத்தைத் திருப்பிப் போட்டார். குளிர்காலத்தில் மெதுவாக நீண்ட தூரம் ஓட்டி, கோடையில் வேகம் சேர்ப்பது பழைய வழக்கம். இவரோ ஆண்டு முழுக்கத் தீவிரத்தை விடாமல் வைத்திருந்து, டெனரிஃப் தீவின் டெய்டே எரிமலையில் உயரமும் ஏற்றமும் சேர்ந்த முகாம்களில் தங்கவைத்தார். 2011-ல் டோஃபினே பந்தயத்தை வென்று டூருக்குப் போனவர், ஏழாம் நாள் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார்.

2012 டூரை எப்படி வென்றார்?

அந்த ஆண்டு பாரிஸ்–நீஸ், ரொமாண்டி, டோஃபினே என்ற பல நாள் சாலைப் பந்தயங்கள் மூன்றையும் வென்றுவிட்டே ஜூலைக்கு வந்தார். பாதையும் அவருக்குச் சாதகம். தொடக்கநாள் 6.4 கி.மீ., பிசான்சோனில் 41.5, ஷார்த்ரில் 53.5 என்று மொத்தம் 101.4 கி.மீ. தனி டைம் ட்ரையல். பிந்தைய ஆண்டுகளில் இவ்வளவு வைப்பதே அரிதாகிவிட்டது. இரண்டு நீண்ட ட்ரையலையும் அவரே வென்றார். சக அணி வீரர் கிறிஸ் ஃப்ரூமைவிட முதலாவதில் 35 நொடி, இரண்டாவதில் 1 நிமிடம் 16 நொடி முன்னிலை.

மலையில் உத்தி எளிது, பார்க்கச் சலிப்பு. அணித்தோழர்கள் வரிசையாக முன்னால் நின்று ஒரே சீரான வேகத்தில் ஏறுவார்கள். யாராவது தாக்கிப் பாய்ந்தால் துரத்த மாட்டார்கள். அந்த வேகத்துக்குமேல் ஒருவர் அதிக நேரம் தாங்க முடியாது என்று மிதிக்கும் வாட்டை அளக்கும் திறன்மானியின் எண்கள் சொல்லும், கொஞ்ச நேரத்தில் பாய்ந்தவர் தானே திரும்பி வருவார். உற்றுப் பார்த்தால் இது சாய்வான சாலையில் நடந்த டீம் பர்சூட்தான்.

கடைசியில் ஃப்ரூமைவிட 3 நிமிடம் 21 நொடி முன்னிலை. டூரை வென்ற முதல் பிரிட்டன் வீரர். மலையில் ஃப்ரூம்தான் வேகமானவர் என்பதும், ஒரு நாள் அணிக் கட்டளையால் அவர் காத்து நின்றதும் எல்லாரும் பார்த்ததே. மலை அதிகமுள்ள வேறொரு பாதையாக இருந்திருந்தால் பதில் மாறியிருக்கும் என்பதே நேர்மையான மதிப்பீடு.

பத்தே நாளில் ஒலிம்பிக் தங்கம் எப்படி?

டூர் ஜூலை 22 அன்று பாரிஸில் முடிந்தது. ஒலிம்பிக் சாலைப் பந்தயம் ஜூலை 28, டைம் ட்ரையல் ஆகஸ்ட் 1. டூருக்குப் பின் படுத்துவிட்டால் மூன்றாம் நாள் கால் மரத்துப்போகும், கடுமையாக ஓட்டினால் களைப்பு தீராது. நடுவில் வந்த சாலைப் பந்தயம் இந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்தது, உடம்பு பந்தய நிலையிலேயே இருந்தது.

டைம் ட்ரையல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் தொடங்கி அங்கேயே முடிந்தது. 44 கி.மீ. தூரத்தை 50 நிமிடம் 39.54 நொடியில் முடித்தார். சராசரி மணிக்கு 52.1 கி.மீ. ஜெர்மனியின் டோனி மார்ட்டின் 42 நொடி பின்னால், ஃப்ரூம் மூன்றாவது. பந்தயத்துக்குப் பின் அரண்மனை முன்னால் போட்டிருந்த சிம்மாசனத்தில் அவர் உட்கார்ந்த படம் மறுநாள் பரவலாக வந்தது.

அந்தச் சாலைப் பந்தயத்தில் மட்டும் ஏன் தோற்றார்கள்?

ஐந்து பேர் போதாது. அந்த ஆண்டு டூரில் அணிக்கு ஒன்பது பேர், ஒலிம்பிக்கில் ஐந்து. விக்கின்ஸ், ஃப்ரூம், மில்லர், ஸ்டானர்ட் நால்வரும் 250 கி.மீ. முழுக்க முன்னால் இழுத்துக் கடைசிப் பாய்ச்சலில் வல்லவரான கேவன்டிஷைக் கடைசி ஓட்டத்துக்குக் கொண்டுவருவது திட்டம். பாக்ஸ் ஹில் மேட்டில் ஒன்பது முறை ஏறும் பாதையில் முப்பது பேர் அளவுக்குப் பெரிய கூட்டம் பிரிந்து போய்விட்டது. அதில் ஆள் வைத்திருந்த நாடுகள் துரத்தலுக்கு உதவவில்லை, மற்றவர்களோ ‘கேவன்டிஷுக்கு நாங்கள் ஏன் இழுக்க வேண்டும்’ என்று இருந்துவிட்டார்கள். கசகஸ்தானின் வினோகூரோவ் வென்றார்.

ஒரு மணி நேர சாதனை என்றால் என்ன? 54.526 கி.மீ. எவ்வளவு பெரிது?

டிராக்கில் தனியாக ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதே போட்டி. 2015 ஜூன் 7 அன்று லண்டன் லீ வேலி வெலோட்ரோமில் விக்கின்ஸ் 54.526 கி.மீ. ஓட்டினார். அதற்கு ஒரு மாதம் முன்பு அலெக்ஸ் டவுசெட் வைத்த சாதனை 52.937 கி.மீ.

அவருடைய கியர் 58×14. முன்னால் 58 பல், பின்னால் 14. பெடல் ஒருமுறை சுற்றினால் சக்கரம் 4.14 முறை சுற்றும், சைக்கிள் ஏறத்தாழ 8.66 மீட்டர் போகும். 54,526 மீட்டரை அதால் வகுத்தால் சுமார் 6,300 மிதி. அறுபதால் வகுத்தால் நிமிடத்துக்கு 105. சுற்றுக்கணக்கில் 218, ஒவ்வொன்றும் சராசரி பதினாறரை நொடி. சுற்றுக்கு இரண்டு வளைவு என்றால் 436 வளைவு, ஒவ்வொன்றிலும் உடம்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடையாக இருக்கையில் அழுந்தும். கால் வலியைவிட இருக்கை வலிதான் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் ஆளைக் கோட்டைவிட்டு நகர்த்தும். நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்: பத்து சென்டிமீட்டர் விலகல் 218 சுற்றில் 137 மீட்டரை விழுங்கும்.

55 கி.மீ. ஏன் வரவில்லை? அன்று காற்றழுத்தம் 1030 ஹெக்டோபாஸ்கலைத் தாண்டியிருந்தது. சராசரி 1013. கிட்டத்தட்ட 1.7 சதவீதம் அடர்த்தி கூடிய காற்று. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படியில் ஏறுவதால், தூரத்தில் இழப்பு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 300 மீட்டர் அளவு. டிக்கெட் விற்றாகிவிட்ட நிகழ்ச்சியில் நாளைத் தள்ளிவைக்க முடியாது. 2019-ல் விக்டர் கம்பெனார்ட்ஸ் இதை முறியடித்தது மெக்சிகோவின் அகுவாஸ்கலியென்டஸில், கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்குமேல், மெல்லிய காற்றில்: 55.089 கி.மீ. ஆனால் 2022-ல் இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா சுவிட்சர்லாந்தின் கிரென்ஷனில் 56.792 கி.மீ. ஓட்டியதைக் காற்றழுத்தத்தின் கணக்கில் எழுத முடியாது. அது வேறு தரம்.

டூர் வென்றவர் 2016-ல் டிராக்குக்குத் திரும்புவது அவ்வளவு கடினமா?

எங்களைக் கேட்டால் அவர் செய்ததிலேயே கடினமானது அதுதான். சாலைக்காகக் கழற்றிய எடையைத் திரும்பப் பூட்ட வேண்டும், அதுவும் கொழுப்பாக இல்லாமல் தசையாக. 80 கிலோவுக்குமேல் ஏற்றினார். அதைவிடச் சிரமம், அவர் இல்லாத ஆறேழு வருடத்தில் போட்டியே மாறிவிட்டது. பெய்ஜிங்கில் பிரிட்டனின் டீம் பர்சூட் அணி உலக சாதனையோடு வென்ற நேரம் 3 நிமிடம் 53.314 நொடி. அன்று டென்மார்க்கை ஆறு நொடிக்கும் மேல் வென்றார்கள். ரியோவில் அதே நேரம் ஓட்டியிருந்தால் இறுதிப் போட்டியில் தங்கம் கிடைத்திருக்காது.

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் டீம் பர்சூட் வெள்ளி, 2016 மார்ச் உலகப் போட்டியில் மறுபடி ஆஸ்திரேலியாவுக்குப் பின்னால் வெள்ளி. ஆகஸ்டில் ரியோ. எட் கிளான்சி, ஸ்டீவன் பர்க், ஓவைன் டூல், விக்கின்ஸ். இறுதியில் ஆஸ்திரேலியா முன்னிலை எடுத்தது. பிரிட்டன் கடைசிச் சுற்றுகளில் பின்னிருந்து பிடித்தது. 3 நிமிடம் 50.265 நொடி, உலக சாதனை. முப்பத்தாறு வயது. இன்று அந்த நேரமும் பழசு: 2024 பாரிஸில் ஆஸ்திரேலியா 3 நிமிடம் 40.730 நொடிக்கு இறக்கிவிட்டது.

ஊசி மருந்து விவகாரம் என்ன?

2016-ல் ஹேக்கர்கள் வெளியிட்ட ஆவணங்களில், 2011, 2012 டூர்களுக்கும் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான 2013 ஜிரோவுக்கும் முன்னால் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட அவருக்குச் சிகிச்சை விதிவிலக்கு அனுமதி இருந்தது தெரியவந்தது. ஆஸ்துமா, மகரந்த ஒவ்வாமைக்கு என்பது அவர் தரப்பு. அனுமதி முறைப்படி தரப்பட்டது, விதிமீறல் எதுவும் பதிவாகவில்லை. 2018 மார்ச்சில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு, விதிக்குள் நின்றபடியே அணி அறநெறிக் கோட்டைத் தாண்டியது என்று அறிக்கை வெளியிட்டது. விக்கின்ஸ் அதை மறுத்தார். மருந்துப் பெட்டி ஒன்றைப் பற்றிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் விசாரணை 2017-ல் குற்றச்சாட்டின்றி முடிந்தது. அந்த ஊசி எடையைக் குறைக்கவும் உதவக்கூடியது என்பதால்தான், மேலே சொன்ன 12 கிலோ கதையைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

கடைசிப் பந்தயம் எது?

2016 நவம்பரில் கென்ட் ஆறு நாள் பந்தயம். பிறந்த ஊர், அப்பா ஓட்டிய வகைப் பந்தயம். அங்குள்ள டிராக் 166 மீட்டர்தான், ஆறு சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர். கேவன்டிஷோடு சேர்ந்து வென்றார். டிசம்பரில் ஓய்வு அறிவித்தார்.

இதே இரட்டைப் பாதையில் வேறு யார் போயிருக்கிறார்கள்?

கெரைன்ட் தாமஸ் 2008, 2012 டீம் பர்சூட் தங்கத்துக்குப் பிறகு 2018 டூரை வென்றார். கன்னா டோக்கியோவில் டீம் பர்சூட் தங்கம், பாரிஸில் சாலை டைம் ட்ரையல் வெள்ளி. பெண்களில் அமெரிக்காவின் கிறிஸ்டன் ஃபால்க்னர், பாரிஸில் சாலைப் பந்தயத்திலும் டீம் பர்சூட்டிலும் ஒரே வாரத்துக்குள் தங்கம் வாங்கினார். அவர் துடுப்புப் படகிலிருந்து வந்தவர், அந்தச் சாலைப் பந்தயத்தில் மாற்று வீராங்கனையாகத்தான் இடம் கிடைத்தது.